பழைய ஜீப்புக்குக் கனமான முன் அச்சு: என்னுடைய பதினொரு மாதம் உங்களுக்கு ஆக வேண்டாம்

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. அப்பா வாங்கிய சி.ஜே. 3பி ஜீப்தான் இன்றும் அங்கே மூட்டை ஏற்றுகிறது. ஒரு டிசம்பர் மழையில் ஆறு மூட்டையுடன் சேற்று மேட்டில் ஏறும்போது முன் சக்கரத்துக்குள் ‘டப்’பென்று ஒரு சத்தம் கேட்டது. கிராஸ் (ஷாப்ட்டுகளை இணைக்கும் சிலுவை வடிவத் துண்டு) உடைந்து, அதைப் பிடிக்கும் ஷாப்ட்டின் காதும் பிளந்துவிட்டது. அது மூன்றாவது முறை. இனி ஒட்டுப்போட்டுக் காலம் தள்ள முடியாது, கனமான அச்சையே போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். மூன்று மாதத்தில் முடியும் என்று நினைத்த வேலை பதினொரு மாதம் இழுத்தது. தாமதத்தில் பாதி என் அவசரத்தால் வந்தது. மீதி, முன்பே யாரும் சொல்லாததால் வந்தது. அந்த மீதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. மாற்றத்தான் வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

தார்ச் சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு இந்த வேலை தேவையே இல்லை. கிங் பின் (முன் சக்கரம் இடவலம் திரும்பும் முளை) பேரிங், கிராஸ், ஆயில் சீல் ஆகியவற்றை மாற்றி, ஹவுசிங் (அச்சின் வெளிக்கூடு) நேராக இருக்கிறதா என்று பார்த்தாலே பழைய அச்சு இன்னும் பல ஆண்டு உழைக்கும். அதற்கு ஆகும் செலவு இதில் பத்தில் ஒரு பங்குதான்.

பிரச்சினை எங்கே வருகிறது என்றால், சி.ஜே. 3பியில் முதல் கியர் 2.80, லோ கியர் 2.46, அச்சின் பல் விகிதம் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37 வருகிறது. இஞ்சின் தரும் திருப்புவிசை 37 மடங்காகிச் சக்கரங்களுக்குப் போகிறது. பெட்ரோல் இஞ்சினுக்கு அளந்து செய்த மெல்லிய ஷாப்ட் அது. நம் ஊரில் பாதி ஜீப்புகளில் பெட்ரோல் இஞ்சினை எடுத்துவிட்டு டீசல் இஞ்சின் வைத்தாயிற்று. அதோடு பெரிய டயர், ஈர மண், மூட்டைப் பாரம் எல்லாம் சேர்ந்தால் கிராஸ் தாங்காது. உங்கள் வண்டியும் இந்த வகை என்றால் மேலே படியுங்கள்.

2. ஸ்பேனரைத் தொடும் முன் காகிதங்கள்

இதை இரண்டாவதாக வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. நான் இதைக் கடைசியில் செய்தேன்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியில் மாற்றம் செய்யக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. விதியை மீறிப் பாகங்களை மாற்றினால், 182ஏ பிரிவின் கீழ் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஆகவே வேலையைத் தொடங்கும் முன்பே உங்கள் பதிவு அலுவலகத்தில் எழுத்துமூலம் கேளுங்கள். என் கடிதத்தில் நான்கு விஷயங்கள்தான் இருந்தன: அச்சு அதே நிறுவனத்தின் பிந்தைய ஜீப்பிலிருந்து வருகிறது, சக்கர இடைநீளம் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம்) மாறாது, சேஸில் வெட்டு இல்லை, இஞ்சின் எண், சேஸ் எண் அப்படியே இருக்கும். பழைய அச்சின் படத்தையும் புதியதன் படத்தையும் இணைத்தேன். கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்காமல் வெளியே வராதீர்கள். அனுமதி கிடைத்து வேலை முடிந்தால், முடிந்த 14 நாளுக்குள் பதிவுச் சான்றுடன் போய்த் தெரிவிக்க வேண்டும்.

கடிதம் எழுதும் முன் உங்கள் பதிவுச் சான்றை, அதாவது ஆர்.சி.யை எடுத்து நிதானமாகப் படியுங்கள். வண்டியில் டீசல் இஞ்சின் இருக்கும், ஆர்.சி.யில் பெட்ரோல் என்றே இருக்கும். அப்படியென்றால் அச்சைப் பற்றிப் பேசும் முன் அதைச் சரிசெய்ய வேண்டும். ஆய்வாளர் முதலில் பார்ப்பது இஞ்சின் எண்ணைத்தான், அச்சை அல்ல.

அடுத்து, பதிவு எப்போது முடிகிறது என்று பாருங்கள். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு. அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் படிவம் 25 கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். முடியும் தேதிக்கு 60 நாளுக்கு முன்பிருந்துதான் விண்ணப்பிக்கலாம். 20 ஆண்டு தாண்டிய கார், ஜீப் வகைக்கு அந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 5,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரி, காப்பீடு, புகைச் சான்று ஆகியவை தனி. அச்சு கழற்றிய நிலையில் பதிவு காலாவதியானால், ஆய்வுக்கு வண்டியை ஓட்டிப் போகவும் முடியாது, இழுத்துப் போகவும் மனம் வராது. அந்த அனுபவம் எனக்கு ஆயிற்று.

‘வின்டேஜ்’ என்று பதிவு செய்துவிட்டால் தொல்லை இல்லையே என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். 2021-இல் வந்த அந்த விதி 50 ஆண்டு தாண்டிய வண்டிக்கானது. சேஸ், பாடி, இஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வண்டியைக் கண்காட்சிக்கும் ரேலிக்கும் பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும்தான் சாலையில் எடுக்கலாம். காப்பி மூட்டை ஏற்ற முடியாது.

காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் போடுங்கள். விபத்துக்குப் பிறகு அவர்கள் தாமே கண்டுபிடிப்பதைவிட, இப்போது நீங்கள் சொல்வது மலிவு.

3. அச்சு வாங்குவது: பணம் தொலையும் இடம்

சென்னை புதுப்பேட்டை, கோவை உக்கடம், சங்ககிரி, நாமக்கல் பக்கத்து லாரிப் பட்டறைகள், ராணுவ ஏல வண்டிகளைப் பிரிப்பவர்கள் என்று பல இடம் இருக்கிறது. எங்கே வாங்கினாலும் பில் வாங்குங்கள். பிரித்த வண்டியின் ஆர்.சி. நகலோ ஏல ஆவணத்தின் நகலோ இல்லாமல் பணத்தை எண்ணாதீர்கள். திருட்டு வண்டியின் அச்சு உங்கள் கொட்டகையில் கிடப்பது நல்லதல்ல.

டேப், சாக்கட்டி, நூல், டார்ச் ஆகிய நான்கையும் எடுத்துப் போங்கள். பார்க்க வேண்டியவை:

கிரவுன் (அச்சுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம்) எந்தப் பக்கம் இருக்கிறது? நம் ஜீப்பில் டிரான்ஸ்பர் கேஸிலிருந்து (விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் பெட்டி) முன்னே வரும் புரொப்பல்லர் ஷாப்ட் வலப்புறமாக, ஓட்டுநர் பக்கமாக வருகிறது. அச்சின் கிரவுன் உருண்டையும் வலப்புறம் இருந்தாக வேண்டும். இடப்புறம் உள்ள அச்சை ‘கவிழ்த்துப் போட்டுக்கொள்ளலாம்’ என்று ஒரு கடைக்காரர் என்னிடம் சொன்னார். கவிழ்த்தால் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். பின் சக்கரங்கள் முன்னே போக, முன் சக்கரங்கள் பின்னே இழுக்கும்.

பல் விகிதம் என்ன? முன்னும் பின்னும் ஒரே விகிதமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நான்கு சக்கர ஓட்டத்தில் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி டிரான்ஸ்பர் கேஸைத் தின்றுவிடும். வாய்ச்சொல்லை நம்பாமல் கிரவுனில் பொறித்த எண்ணைப் பாருங்கள். 43-8 என்றால் 5.38, 39-8 என்றால் 4.88. கவர் திறக்க விடவில்லையா? ஒரு சக்கரப் பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, பினியனைக் (கிரவுனைச் சுற்றும் சிறிய பல்சக்கரம்) கையால் சுற்றுங்கள். மறு சக்கரம் சரியாக இரண்டு சுற்று வருவதற்குள் பினியன் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். அதுதான் விகிதம். சாக்கட்டியால் பினியன் மேல் ஒரு கோடு போட்டுக்கொண்டால் எண்ணுவது எளிது.

அகலம் எவ்வளவு? சி.ஜே. 3பியின் சக்கர அகல இடைவெளி ஏறத்தாழ 48 அங்குலம். பிந்தைய ஜீப்புகளின் அச்சு இதைவிட அகலம். நான் முன் அச்சை மட்டும் வாங்கி வந்து, பொருத்திப் பார்த்தபோது முன் டயர் பின் டயரைவிடப் பக்கத்துக்கு இரண்டு அங்குலத்துக்கு மேல் வெளியே நின்றது. நண்டு நடப்பது போல இருந்தது வண்டி. பிறகு அதற்குப் பொருத்தமான பின் அச்சைத் தேடி நான்கு மாதம் அலைந்தேன். ஒரே வண்டியிலிருந்து முன்னும் பின்னும் ஜோடியாக வாங்குங்கள். விகிதக் கவலையும் அகலக் கவலையும் ஒரே தடவையில் தீரும். இந்தக் கட்டுரையில் வேறு எதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இது நிற்கட்டும்.

பட்டை உட்காரும் இடம்: வண்டியில் இரு ஸ்பிரிங் பட்டைகளின் நடு இடைவெளியை முன்பே அளந்து கையில் எழுதிக்கொண்டு போங்கள். அச்சின் மேல் உள்ள திண்டுகள் அதே இடைவெளியில் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். எனக்கு இல்லை.

ஹவுசிங் நேரா? ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் கட்டிப் பாருங்கள். ஒரே ஒரு பக்கத்து ஆயில் சீல் மட்டும் கசிந்து கறுத்துக் கிடந்தால் சந்தேகப்படுங்கள். குழாய் வளைந்திருக்கும்.

டிரம், ஹப், ஸ்டீயரிங் ஆர்ம், டை ராடு, யூ-போல்ட் தகடு எல்லாம் சேர்த்தே பேரம் பேசுங்கள். ‘வெறும் ஹவுசிங் போதும், மலிவு’ என்று நான் முதலில் பேசிய அச்சு, உதிரிகளைத் தனித்தனியே விசாரித்தபோது முழு அச்சைவிட விலை ஏறிவிட்டது. வீல் போல்ட் அமைப்பு ஐந்து துளை, ஐந்தரை அங்குல வட்டம் என்பதையும் பார்த்துவிடுங்கள். அது ஒத்துப்போனால் உங்கள் ரிம்களே போதும்.

4. லேத் பட்டறைக்குப் போகும் முன் முழுதும் பிரியுங்கள்

வாங்கிய அச்சு நன்றாகச் சுற்றுகிறது என்பதற்காக அப்படியே மாட்டிவிடாதீர்கள். எங்கள் மேஸ்திரி கவரைத் திறந்ததும் விரலை ஆயிலில் தோய்த்து வெளிச்சத்தில் காட்டினார். பொடிப்பொடியாக வெள்ளி மின்னியது. “தம்பி, இது ஆயில் இல்லை, பேரிங்” என்றார். நான்கு பேரிங், எல்லா ஆயில் சீல், இரண்டு கிராஸ், கிங் பின் பேரிங் செட், பிரேக் ஷூ ஆகியவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுங்கள். இந்த உதிரிகள் சேலத்திலேயே கிடைத்துவிடும்.

கிங் பின் பேரிங்கின் இறுக்கத்தைக் கைக்கணக்கில் விடக் கூடாது. ஸ்டீயரிங் ஆர்மில் ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு இழுத்து, எத்தனை இழுவையில் நக்கிள் (சக்கரத்தோடு திரும்பும் முனைப் பாகம்) அசைகிறது என்று பார்த்து, அடியில் தகட்டுச் சிம் கூட்டியோ குறைத்தோ சரிசெய்ய வேண்டும். அந்த அச்சுக்கான மேனுவலில் அளவு இருக்கும். பட்டறையில் தராசு இல்லை. தோட்டத்தில் பழக் கூடையை நிறுக்கும் தொங்கு தராசை எடுத்துப் போய்த்தான் இந்த வேலையை முடித்தோம்.

திண்டுகளை வெட்டி இடம் மாற்ற வேண்டியிருந்தால், வெல்டிங்கை ஒரே மூச்சில் இழுக்க விடாதீர்கள். ஓர் அங்குலம் இப்பக்கம், ஓர் அங்குலம் அப்பக்கம், நடுவே ஆற விட வேண்டும். தண்ணீர் ஊற்றி ஆற வைக்கவே கூடாது. குழாய் சூட்டில் வில்லாக வளைந்தால் போட்ட பணம் அத்தனையும் வீண். கடைசி வெல்டுக்கு முன் திண்டுகளைப் புள்ளி வெல்டில் மட்டும் பிடித்து, அச்சை வண்டிக்கடியில் ஒரு முறை வைத்துப் பார்ப்பது கட்டாயம். ஏன் என்று அடுத்து வருகிறது.

5. சாய்வு: காஸ்டர்

கிங் பின் சற்றே பின்னோக்கிச் சாய்ந்திருந்தால்தான் வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானே நேராகும். இந்த ஜீப்புக்குச் சுமார் 3 டிகிரி. சாய்வு போதாவிட்டால் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கியதும் முன் சக்கரம் இரண்டும் பைத்தியம் பிடித்ததுபோல ஆடும். கையை விட்டு ஸ்டீயரிங் பிடுங்கிக்கொள்ளும்.

சிக்கல் என்னவென்றால், காஸ்டருக்காக அச்சைச் சுழற்றினால் பினியனின் முகமும் கீழே குனியும். புரொப்பல்லர் ஷாப்ட்டின் கோணம் கெட்டு அதிரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலையைப் பிடிக்க வேண்டும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பாரம் முழுதும் பட்டையில் உட்கார்ந்த பிறகு, கோணமானியை வைத்துப் பார்த்துத் திண்டை முடிவு செய்யுங்கள். ஜாக்கியில் தூக்கிய நிலையில் பார்த்த அளவு பயன்படாது. ஓரிரு டிகிரி குறைந்தால் பட்டைக்கும் திண்டுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்துச் சரிக்கட்டலாம். அதற்கு மேல் குறைந்தால் திண்டைத் திரும்ப வெட்டித்தான் ஆக வேண்டும்.

6. பழையதைக் கழற்றுவது

அரை நாள் வேலை. ஒரே ஒரு எச்சரிக்கை: பழைய ஜீப்புகளில் இடப்புறச் சக்கர நட்டு இடமறை, அதாவது மறை தலைகீழாகச் சுற்றும். வழக்கம்போலக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருகினால் இன்னும் இறுகும். என் தம்பி மகன் நீளமான குழாயைச் செருகித் தொங்கி, இரண்டு போல்ட்டை முறித்துவிட்டுத்தான் நிறுத்தினான். புதிய அச்சின் இடப்புறம் எந்த மறை என்று பார்த்து, வீல் ஸ்பேனரோடு ஒரு சீட்டு எழுதிக் கட்டி வையுங்கள்.

7. ஸ்டீயரிங், பிரேக், ஷாப்ட்

டை ராடைப் (இரு முன் சக்கரங்களையும் சேர்த்துத் திருப்பும் கம்பி) புதிய அகலத்துக்கு ஏற்ப அமைத்தபின் டோ-இன் (முன் சக்கரங்கள் முன்பக்கத்தில் உள்நோக்கி நெருங்கும் அளவு) பாருங்கள். இரண்டு மில்லிமீட்டர் அளவில்தான் இருக்க வேண்டும். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, டயர் பட்டையில் உரசுகிறதா, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று படுத்துக்கொண்டு பாருங்கள். ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து திருப்ப, இன்னொருவர் அடியில் இருக்க வேண்டும்.

உங்களுக்குக் கிடைத்தது டிஸ்க் பிரேக் உள்ள அச்சு என்றால் பழைய மாஸ்டர் சிலிண்டர் ஒத்துவராது. டிரம்முக்கான சிலிண்டர் லைனில் சிறு அழுத்தத்தைத் தேக்கி வைக்கும். டிஸ்க்கில் அந்த அழுத்தம் பேடை உரசிக்கொண்டே இருக்கச் செய்யும். ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி முடிப்பதற்குள் பிரேக் எண்ணெய் கொதித்துவிடும். மாஸ்டர் சிலிண்டரை மாற்றச் செலவிட மனமில்லாவிட்டால் டிரம் அச்சாகவே வாங்குங்கள். நான் அப்படித்தான் செய்தேன். மலையில் இரண்டாம் கியரில் இறங்கப் பழகியவனுக்கு டிரம் போதும்.

புரொப்பல்லர் ஷாப்ட்டின் நீளத்தை வண்டி சொந்தக் காலில் நிற்கும்போது அளங்கள். ஷாப்ட் நீளவும் குறுகவும் விடும் நழுவு இணைப்பு நடுவாக்கில் நிற்க வேண்டும், அடி வரை போய் முட்டக் கூடாது. வெட்டி ஒட்டும்போது இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருக்கட்டும். ஒன்று குறுக்கே திரும்பியிருந்தால் எவ்வளவு பேலன்ஸ் செய்தாலும் அதிர்வு போகாது. கடைசியாகக் கிரவுனுக்கு 90 எண் கியர் ஆயில், நிரப்பும் துளையில் வழியும் வரை.

8. ஓட்டிப் பார்ப்பது

முதல் நாளே மலை ஏறாதீர்கள். அயோத்தியாப்பட்டணம் பக்கம் சமதளத்தில் 30 கிலோமீட்டர் ஓட்டி, இறங்கி நான்கு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் வீல் பேரிங் இறுக்கம் அதிகம். சக்கரம் பிடிக்கும் வரை இறுக்கி, ஆறில் ஒரு சுற்று தளர்த்தி, பூட்டுத் தகட்டை மடக்க வேண்டும். அடுத்த நாள் குப்பனூர் வழியாக ஏறுங்கள். அடிவாரம் வழியைவிட அங்கே போக்குவரத்து குறைவு, நிறுத்திப் பார்க்க இடமும் கிடைக்கும். நான்கு சக்கர ஓட்டத்தை மண்ணிலோ ஈரப் புல்லிலோ மட்டும் போட்டுப் பாருங்கள். தார்ச் சாலையில் போட்டுத் திருப்பினால் நல்ல அச்சும் முறுக்கிக்கொள்ளும், நீங்கள் பயந்துவிடுவீர்கள். 100 கிலோமீட்டரில் ஒரு முறையும் 500-இல் ஒரு முறையும் யூ-போல்ட்டை இறுக்குங்கள். புதிய பட்டைத் திண்டு உட்கார்ந்து கொடுக்கும்.

9. செலவும் காலமும்

எனக்கு ஆனது: முன் அச்சு முழுதாக 48,000. பின் அச்சு 22,000. இரண்டு முறை வண்டி வைத்து ஏற்றி வந்தது 7,500 (ஜோடியாக வாங்கியிருந்தால் பாதி). பேரிங், சீல், கிராஸ், ஷூ வகை 19,800. லேத் 6,200. வெல்டிங் 4,500. இரண்டு புரொப்பல்லர் ஷாப்ட் வெட்டி, பேலன்ஸ் செய்தது 7,000. கூலி 18,000. அலைன்மென்டும் சில்லறையும் 2,000. மொத்தம் 1,35,000 ரூபாய். பதிவுப் புதுப்பிப்பு இதில் சேரவில்லை. நீங்கள் கையில் 1,50,000 இல்லாமல் தொடங்க வேண்டாம். பாதியில் நின்ற ஜீப்பை யாரும் நல்ல விலைக்கு வாங்க மாட்டார்கள்.

காலம் பற்றி: காப்பி பறிப்பு முடிந்து பிப்ரவரி கடைசியில் தொடங்குங்கள். பறிப்பு நாளில் வண்டியையும் விட முடியாது, மலை மெக்கானிக்கும் கிடைக்க மாட்டார். மே மாதம் கோடை விழாக் கூட்டம் வரும் முன் சோதனை ஓட்டம் முடிந்துவிட வேண்டும். அது தவறினால் அடுத்த தடை ஆடி மாதம். கோட்டை மாரியம்மன் பண்டிகை வாரத்தில் சேலத்தில் எந்த லேத்தும் உங்களுக்காகச் சுற்றாது. என் திண்டுகள் அந்த ஆடியில் பத்து நாள் ஒரு மூலையில் மஞ்சள் பூசி உட்கார்ந்திருந்தன. அளவுகள் முன்பே கையில் இருந்து, ஜோடி அச்சும் கிடைத்துவிட்டால், உண்மையான பட்டறை வேலை மூன்று வாரம்தான்.

10. பழைய அச்சை விற்காதீர்கள்

வேலை முடிந்த மறுநாளே ஒருவர் வந்து 9,000 ரூபாய்க்குக் கேட்டார். கொடுக்கவில்லை. அலுவலகத்தில் மாற்றத்தை ஏற்காமல் பழைய நிலைக்குத் திருப்பச் சொன்னால் அது வேண்டும். ஏற்றுக்கொண்டு ஆர்.சி. புதுப்பித்துக் கைக்கு வரும் வரையாவது டிரம், ஹப் எதையும் பிரிக்காமல் கிரீஸ் பூசி, சாக்கில் சுற்றி வையுங்கள். என்னுடையது காப்பிக் களத்துக் கொட்டகையில் இரண்டு கட்டை மேல் இருக்கிறது. சாயங்காலமானால் கோழிகள் அதன் மேல் வரிசையாக அடைகின்றன.